லோயர் பெர்த் யாருக்குச் சொந்தம்?

சில ஆண்டுகளுக்கு முன்புவரை நெடுந்தூர ரயில்களின் ஒவ்வொரு பெட்டி வாசலிலும் ஒரு நீளத் தாள் ஒட்டியிருக்கும். பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த பெர்த், எதுவரை பயணம் என்று எல்லாம் அதில் இருக்கும். தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தத் தாள். ஆனால், பெயரைக் கண்டுபிடித்த பிறகும் பலர் நகர மாட்டார்கள். விரல் மேலும் கீழும் போகும். எதிரே யார், மேலே யார், பக்கவாட்டில் யார்? மகளைத் தனியாக தில்லிக்கு அனுப்பும் அப்பா அந்தத் தாளைப் படித்த மாதிரி, தேர்வு முடிவைக்கூட யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

2018-ல் பெரிய நிலையங்களில் இந்த சார்ட் ஒட்டும் வழக்கத்தை நிறுத்தினார்கள். காகிதம் மிச்சம் என்பது சொல்லப்பட்ட காரணம். இளம்பெண்ணின் பெயரையும் வயதையும் அவள் படுக்கப்போகும் இடத்தையும் நடைமேடைக்கே அறிவிக்கிற வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால், அந்த விரல் தேடிய கேள்வி ஒழியவில்லை. அடுத்த 33 மணி நேரம் யாரோடு?

ரயில் சிநேகம் செத்துவிட்டது, செல்போன் கொன்றுவிட்டது என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். அந்தக் காலத்து மனிதர்கள் ஈரமானவர்கள், இந்தக் காலத்தவர் காதில் குமிழை மாட்டிக்கொண்டு கல்லாகிவிட்டார்கள் என்பதாக அது நீளும். பயணிகள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை ஆராய்வதே தொழிலாக இருப்பதால் சொல்கிறேன்: மனிதர்களின் ஈரம் இதில் இரண்டாம்பட்சம். முதலில் பார்க்க வேண்டியது இருக்கை எந்தப் பக்கம் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது என்பதை.

ஐரோப்பாவின் ஆரம்பகால ரயில் பெட்டிகள், குதிரை வண்டிகளை வரிசையாக ஒட்டவைத்த வடிவில் செய்யப்பட்டவை. ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு. ஓடும்போது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வழியில்லை. எதிரெதிரே உட்கார்ந்த கனவான்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் சங்கடத்திலிருந்து தப்பப் புத்தகத்தை விரித்துக்கொண்டார்கள். 1860 டிசம்பரில் பாரிஸுக்கு வந்து நின்ற ஒரு ரயிலின் முதல் வகுப்பு அறையில் பிரெஞ்சு நீதிபதி ஒருவர் கொலையுண்டு கிடந்தார். பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. 1864-ல் லண்டனில் ஒரு வங்கி அதிகாரி அதேபோல் ரயிலில் தாக்கப்பட்டு இறந்தார். அந்தப் பீதியில்தான், பயணி கார்டை அழைக்க வழி வேண்டும் என்று 1868-ல் பிரிட்டனில் சட்டம் வந்தது. நம் பெட்டிகளில் இழுத்தால் அபராதம் என்று எழுதியிருக்கிற அபாயச் சங்கிலியின் வம்சாவளி அங்கே தொடங்குகிறது. அமெரிக்காவிலோ நடுவில் நடைபாதை விட்ட திறந்த பெட்டிகள். அங்கே பயணிகள் எழுந்து நடந்தார்கள், பேசினார்கள், அரட்டை அடித்தார்கள். வோல்ஃப்காங் ஷிவெல்புஷ் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் 1977-ல் எழுதிய ரயில் பயண வரலாற்றில் இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறார். அமெரிக்கர்களுக்கு வாய் அதிகம் என்பதல்ல காரணம்; தச்சர்கள் வேறு மாதிரி பலகை அடித்திருந்தார்கள்.

நம் ஸ்லீப்பர் பெட்டியின் தச்சு இன்னும் விசேஷம். பழைய ஐ.சி.எஃப். வகைப் பெட்டியில் 72 படுக்கைகள், ஒன்பது பகுதிகள். புதிய எல்.எச்.பி. வகையில் 80 படுக்கைகள், பத்துப் பகுதிகள். ஒரு பகுதிக்கு எதிரெதிரே ஆறு பேர், நடைபாதைக்கு அப்பால் இரண்டு பேர். இரவில் எட்டுப் பேருக்கும் எட்டு இடம். பகலில்தான் வேடிக்கை. நடு பெர்த்தை மடக்கினால்தான் கீழே நிமிர்ந்து உட்கார முடியும். அப்போது லோயர் பெர்த் என்பது மூன்று பேரின் பெஞ்சாகிவிடும். டிக்கெட்டில் ஒருவருக்குச் சொந்தமான பலகையில் இன்னும் இரண்டு பேருக்கு உட்கார உரிமை உண்டு. நடு பெர்த்காரர் எப்போது படுக்கலாம் என்பது மற்ற இருவரின் முதுகைப் பொறுத்தது. இதற்காகவே ரயில்வே நேரம் வகுத்திருக்கிறது. படுக்கும் நேரம் இரவு 9 மணி முதல் காலை 6 வரை என்றிருந்ததை 2017-ல் இரவு 10 மணி முதல் என்று மாற்றினார்கள். உடல்நலமில்லாதவர், கர்ப்பிணி போன்றவர்கள் அதற்கு வெளியேயும் படுத்துக்கொள்ள மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஒத்துழைக்கச் சொல்லலாம், யார் எவ்வளவு என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்ல முடியாது. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அதனால்தான் நம் ரயில் பேச்சு வணக்கத்தில் தொடங்குவதில்லை. “உங்களுக்கு எந்த பெர்த்?” “எதுவரைக்கும்?” என்றுதான் தொடங்குகிறது. மூட்டுவலிக்கார அம்மாவுக்கு அப்பர் கிடைத்திருக்கிறது. வாலிபப் பையனுக்கு லோயர். “தம்பி, கொஞ்சம் மேல ஏறிக்கிறீங்களா?” தம்பி தலையாட்டியதும் அந்தப் பகுதிக்குள் ஓர் ஒப்பந்தம் பிறக்கிறது. நன்றிக்கடனாக எலுமிச்சை சாதப் பொட்டலம் பிரிகிறது. பிறகு எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா. தம்பி பாவம், லோயரையும் கொடுத்துவிட்டுச் சாதகத்தையும் ஒப்பிக்க வேண்டும்.

இதன் உச்சம் ஆர்.ஏ.சி. டிக்கெட். பக்கவாட்டு லோயர் பெர்த்தைப் பிரித்தால் எதிரெதிரே இரண்டு இருக்கைகள். முன்பின் அறியாத இரண்டு பேர் அதில் உட்கார வேண்டும். கடைசி நேரத்தில் யாராவது வராமல்போய் டிடிஇ மனம் வைத்தால் ஒருவருக்குப் படுக்கை கிடைக்கும். கிடைக்கும்வரை இருவருக்கும் ஒரே எதிர்பார்ப்பு, ஒரே எதிரி. கிடைக்காவிட்டால் ஒருவர் காலை இன்னொருவர் இடுப்பருகே நீட்டிக்கொண்டு, முழங்கால் இடிக்காமல் விடியவைக்க வேண்டும். அந்நியர் இருவரைச் சட்டபூர்வமாக ஒரே படுக்கையில் பாதி பாதி உட்காரவைக்கும் அமைப்பு உலகில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அது பயணிக்குச் செய்யும் கொடுமை. ஒரு சமூகவியல் மாணவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இந்த நெருக்கத்தை யாரும் அன்பினால் வடிவமைக்கவில்லை. குறைந்த இடத்தில் அதிகம் பேரை ஏற்றுவதுதான் நோக்கம். காந்தி 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயிலில் மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேர் என்று எழுதிய பெட்டி. ராய்ச்சூரைத் தாண்டியதும் நெரிசல் தாங்க முடியாததாகிவிட்டது. இதைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயங்கள் என் கவனத்துக்கு உரியவை. மேலும் மேலும் ஆட்களைத் திணித்த ரயில் ஊழியர்களை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் ஒரு மேமன் வியாபாரி, அதாவது ஒரு சகபயணி. இன்னொன்று, சகபயணிகளின் அசுத்தப் பழக்கங்களையும் காந்தி விட்டுவைக்கவில்லை. நெரிசலில் பிறக்கும் உறவைப் பற்றி அவருக்கு மயக்கம் இல்லை. மூன்றாம் வகுப்பு 1974-ல் ஒழிந்தது. வெறும் பலகையாக இருந்த இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு இரண்டு அங்குல ஃபோம் மெத்தை போட்டவர் 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே. ஏழைப் பயணியின் முதுகைப் பற்றி யோசித்த அமைச்சர்கள் குறைவு என்பதால் அந்தப் பெயரை இங்கே பதிகிறேன்.

சரி, இந்தப் பேச்சால் யாருக்கு என்ன லாபம்? பொழுதுபோக்குதானே? அப்படி நினைப்பவர்கள் வேலூருக்குப் போகிறவர்கள் இறங்கும் காட்பாடி வழியாக, கிழக்கு இந்தியாவிலிருந்து வரும் ரயில் ஒன்றில் ஏறிப் பார்க்க வேண்டும்.

ஹவுராவிலிருந்தும் தன்பாத்திலிருந்தும் கவுகாத்தி, திப்ரூகர் பக்கத்திலிருந்தும் தெற்கே வரும் ரயில்களில் இரண்டு வகைப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒன்று, திருப்பூருக்கும் கோவைக்கும் கேரளத்துக்கும் வேலைக்கு வருபவர்கள். மற்றது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகம், இன்று வங்கத்துக்கும் ஜார்க்கண்டுக்கும் வடகிழக்குக்கும், எல்லை தாண்டி வங்கதேசத்துக்கும் கடைசி நம்பிக்கை. மருத்துவமனையை ஒட்டிய வேலூர்த் தெருக்களில் வங்க எழுத்துப் பலகைகள், மீன்குழம்பு கிடைக்கும் வங்க ஓட்டல்கள், சமைத்துக்கொள்ள வசதியுள்ள லாட்ஜ்கள் இருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால், அந்த வேலூர் காட்பாடி நடைமேடையில் தொடங்குவதில்லை. அது பெரும்பாலும் ஒடிசா தாண்டுவதற்குள் பெட்டிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

மால்டாப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல்முறையாக வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. கையில் எக்ஸ்ரே உறை, ஒரு மூட்டை பொரி, கொஞ்சம் கடன் வாங்கிய பணம். தமிழ் தெரியாது, இந்தியும் அரைகுறை. எதிர் பெர்த்தில் மூன்றாவது தடவை செக்அப்புக்குப் போகும் இன்னொரு குடும்பம். எக்ஸ்ரே உறையைக் கண்டதும் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. “எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் பேச்சைப் பலமுறை கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். ஜெனரல் பார்ப்பதா, பிரைவேட் பார்ப்பதா, இரண்டுக்கும் செலவில் என்ன வித்தியாசம். முதல் நாளே லாட்ஜுக்கு மொத்தப் பணம் கட்டிவிடாதே. எத்தனை நாள் ஆகும் என்று டாக்டரே சொல்ல மாட்டார். நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் ‘தெரிந்த லாட்ஜ்’ என்பார், போகாதே. அடுப்பு வைத்துக்கொள்ளும் அறையா என்று கேட்டுக்கொள். கடுகெண்ணெய் எங்கே கிடைக்கும். பழைய ரிப்போர்ட்டை ஒன்றுவிடாமல் எடுத்துவை, தேதி வரிசையில். அந்தக் குடும்பத்துப் பெண் எழுந்து, மூட்டையிலிருந்த தாள்களைப் பிரித்து, பெர்த்தின் மேல் தேதி வாரியாக அடுக்கித் தந்ததைப் பார்த்திருக்கிறேன். பெர்காம்பூர் தாண்டியிருக்கும். மேல் பெர்த்திலிருந்து ஓர் இளைஞர் எட்டிப் பார்த்து, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன், தமிழில் பேச வேண்டுமென்றால் போன் செய்யுங்கள் என்று நம்பர் கொடுத்தார்.

இந்தத் தகவல்களில் பாதி இணையத்தில் இருக்கலாம். மருத்துவமனைக்கு உதவி மையமும் இருக்கிறது. ஆனால், எதைக் கேட்பது என்றே தெரியாதவருக்கு இணையம் பதில் சொல்லாது. எக்ஸ்ரே உறையைப் பார்த்துத் தானாகக் கேட்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் எதிரே, முகம் பார்த்து, எழுந்துபோக இடமில்லாமல், ஒன்றரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஸ்லீப்பர் பெட்டி இவை எல்லாவற்றையும் தற்செயலாகத் தந்துவிடுகிறது.

இதையே காரணமாக்கி அந்தப் பெட்டியைப் புனிதமாக்கவும் முடியாது. எதிரெதிர் இருக்கை உறவை மட்டும் வளர்ப்பதில்லை. 2017 ஜூனில் தில்லியிலிருந்து ரம்ஜான் துணிமணி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பதின்ம வயது முஸ்லிம் சிறுவன், ஹரியாணாவில் ரயிலிலேயே குத்திக் கொல்லப்பட்டான். இருக்கைத் தகராறில் தொடங்கி மதத்தைச் சொல்லி வசைபாடியதில் முடிந்த கொலை. 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் பாதுகாப்புக்கு இருந்த காவலரே தன் மேலதிகாரியையும் மூன்று முஸ்லிம் பயணிகளையும் சுட்டுக் கொன்றார். தாடியும் தொப்பியும் பர்தாவும் உள்ளவர்கள் “எதுவரைக்கும்?” என்ற சாதாரணக் கேள்விக்குக்கூட ஒரு கணம் யோசித்துப் பதில் சொல்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய கூச்சம் அல்ல.

நம் ஊர்க் கேள்விகளும் அவ்வளவு வெள்ளந்தியானவை அல்ல. எந்த ஊர் என்பதோடு நிற்காமல், ஊரில் எந்தத் தெரு, யார் வீடு என்று போனால் அது எதைத் தேடுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ரயில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தது, சாதியை உடைத்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதே ரயில் நிலையங்களில் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித் தண்ணீர் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்ததை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கம் போராட வேண்டியிருந்தது. பெட்டி ஒன்றாக்கியதை நடைமேடை பிரித்துவைத்தது.

தனியாகப் பயணிக்கும் பெண்களோ வேறு கணக்குப் போடுகிறார்கள். என்னிடம் பேசிய பெண்களில் பலர் ஒரே உத்தியைச் சொன்னார்கள்: ஏறியதும் அந்தப் பகுதியில் இருக்கும் மூத்த பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்துவிடுவது. எட்டுப் பேரில் ஒருவர் ‘அம்மா’ ஆகிவிட்டால் மற்ற ஆறு பேரும் ஒழுங்காக இருப்பார்கள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அப்பர் பெர்த்தில் ஏறிப் போர்த்திக்கொண்டு, பசித்தாலும் இறங்காமல் கிடப்பது. பேசாமல் இருப்பதும் ஒரு பயணியின் உரிமை. அந்த உரிமை எட்டுப் பேரில் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

மயக்க பிஸ்கட் பயமும் பொய்யல்ல. முன்பின் தெரியாதவர் தரும் உணவை வாங்காதீர்கள் என்று ரயில்வேயே எச்சரிக்கிறது. ஆகவே நம் பயணிகள் ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். “சாப்பிடறீங்களா?” என்று கேட்பது கட்டாயம், “இல்லை, இப்பதான் ஆச்சு” என்று மறுப்பதும் கட்டாயம். மறுத்ததில் யாருக்கும் வருத்தமில்லை. பொட்டலம் கைமாறுவது இரண்டாம் நாள்தான். அதற்குள் அவர் தன் குழந்தைக்கும் அதையே ஊட்டியதைப் பார்த்திருப்போம்.

அந்நியரோடு பேசுவதைப் பற்றி ஆய்வுகள் நிறைய உண்டு. நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் சிகாகோ புறநகர் ரயில் பயணிகளிடம் செய்து 2014-ல் வெளியிட்ட சோதனை பெயர்பெற்றது. பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னால் பயணம் கசக்கும் என்றுதான் மக்கள் எதிர்பார்த்தார்கள். பேசியவர்களுக்கோ பயணம் மற்றவர்களைவிட இனித்திருந்தது. அங்கே பேசவைக்க ஆய்வாளர் தேவைப்பட்டார். இங்கே நடு பெர்த்தின் கொக்கியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் நூறாண்டுக்கு முன்பே சொன்னது எனக்கு இன்னும் நெருக்கமானது: நெருங்கியவரிடம் மறைப்பதை மனிதர்கள் வந்துபோகும் அந்நியரிடம் கொட்டிவிடுகிறார்கள். இட்டார்சியில் இறங்கிவிடப்போகிறவரிடம் மருமகளைப் பற்றிச் சொல்லலாம். செய்தி வீட்டுக்கு வராது. ரயில் சிநேகத்தின் பலமே அது முடிந்துவிடும் என்பதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் டைரியில் முகவரி எழுதிக் கொடுத்து, “எங்க ஊர்ப் பக்கம் வந்தா கட்டாயம் வரணும்” என்பார்கள். யாரும் போனதில்லை, யாரும் கோபித்ததில்லை. இன்று வாட்ஸ்அப் நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள். இறங்கி ஒரு வாரத்தில் காலை வணக்கப் படம் வந்துவிடுகிறது. செல்போன் ரயில் சிநேகத்துக்குச் செய்த கெடுதல் என்று நான் நினைப்பது இதைத்தான்.

பெட்டிக் கணக்குக்கு வருகிறேன். பல நெடுந்தூர ரயில்களில் ஸ்லீப்பர் பெட்டிகளைக் குறைத்து மூன்றடுக்கு ஏசி பெட்டிகளைக் கூட்டினார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு, 22 பெட்டி ரயிலில் 12 பெட்டிகள் ஏசி அல்லாதவை, எட்டு ஏசி என்பதுதான் கொள்கை என்று ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. 2023 இறுதியில் ஏசி இல்லாத அம்ரித் பாரத் ரயில்களும் வந்தன. நல்லது. ஆனாலும், ஊக்கமெல்லாம் எந்தப் பக்கம் என்பது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2018-ல் உருவாகி 2019-ல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்தைப் பார்த்தால் தெரிகிறது. விமானத்தைப் போல, பெரும்பாலான இருக்கைகள் முன்னிருப்பவரின் முதுகைப் பார்த்தபடி. நான்கைந்து மணி நேரப் பயணத்துக்கு அது போதும். முதுகை வைத்து இரண்டு நாள் ஓட்ட முடியாது.

மூன்றடுக்கு ஏசியில் படுக்கை அமைப்பு ஏறக்குறைய அதேதான். இருந்தும் பேச்சு குறைகிறதே, உன் தச்சு வாதம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அங்கே தேவைகள் முன்கூட்டியே தீர்ந்துவிடுகின்றன. போர்வையும் தலையணையும் வந்துவிடுகின்றன. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற சண்டையே கிடையாது. சாப்பாடு செயலியில் ஆர்டர் செய்த நிலையத்தில் இருக்கைக்கு வருகிறது. கட்டணம் ஸ்லீப்பரைப் போல இரண்டரை மடங்கு அளவில் இருப்பதால், எக்ஸ்ரே உறையோடு வருபவர் அங்கே குறைவாகவே இருக்கிறார். ஒருவரை ஒருவர் கேட்க வேண்டிய அவசியம் போனதும் மதியம் இரண்டு மணிக்கே போர்வைக்குள் போய்விடுகிறார்கள். வசதியை நான் குறை சொல்லவில்லை. மே மாத நாக்பூர் வெயிலில் ஸ்லீப்பரில் போனவர் எவரும் குறை சொல்ல மாட்டார்.

புதிய படுக்கைப் பெட்டிகள் வடிவமைக்கப்படும்போது ஒவ்வொரு படுக்கைக்கும் தனி விளக்கு, தனி சார்ஜர், தனித் திரை என்று கோரிக்கைகள் வருகின்றன. விளக்கும் சார்ஜரும் நியாயம். திரையை இரவு 10 முதல் காலை 6 வரைக்கு மட்டும் என்று வைக்கலாம். படுக்கைக்கு நேரம் வகுக்கத் தெரிந்த ரயில்வேக்கு இது கஷ்டமில்லை. பகலில் எதிரெதிர் பெஞ்சு இருக்கட்டும். பெர்த் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை, டிடிஇ கையில் வைத்திருக்கும் கருவியிலேயே பதியும்படி செய்யலாம். அப்போது மூட்டுவலிக்கார அம்மாவுக்கு இடம் கொடுத்த தம்பியை நள்ளிரவில் யாரும் எழுப்ப மாட்டார்கள். ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கு ஆறு படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. தனியாக வரும் பெண்களை ஒரே பகுதியில் சேர்த்துக் கொடுக்க மென்பொருளில் சில வரிகள் போதும். ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள் தனியாகப் பயணிக்கும் பெண்களை ஏறும் இடத்திலேயே சந்தித்துப் பேசும் ‘மேரி சஹேலி’ திட்டம் 2020 முதல் இருக்கிறது. அந்தக் காவலர்கள் அந்தப் பகுதியில் இருக்கும் மற்ற ஏழு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

ரயில்கள் வேகமாக ஓட வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. தொண்டையில் கட்டியோடு வருபவருக்குப் பயணத்தில் ஐந்து மணி நேரம் குறைந்தால், எங்கள் ஆய்வுக்கான பேச்சு குறைந்துபோனாலும் போகட்டும். அவர் மால்டாவிலிருந்து காட்பாடிவரை யாருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு வருவார் என்பதை மட்டும் பெரம்பூரில் வரைபடம் போடுபவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

- கட்டுரையாளர், பொதுப் போக்குவரத்தைச் சமூகவியல் நோக்கில் ஆய்வு செய்பவர்.